ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் தெரியவில்லை?

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, கோவில் கொடை என்று எங்கே கூடினாலும் யாராவது ஒருவர் என் தங்கை மகனைத் தூக்கிக் கொஞ்சுவார். சட்டையை லேசாக விலக்கி, வலது விலாவுக்குக் கீழே ஓடும், பிறவிக் குடல் அடைப்புக்கு அறுவை செய்த தழும்பைப் பார்ப்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, "அஞ்சாம் மாசம் ஸ்கேன் எடுத்தவன் என்னத்தப் பார்த்தான்?" என்று ஆரம்பிப்பார். சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பணம் பிடுங்குகிறார்கள், மெஷின் பழசு, இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று பேச்சு நீளும். தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோழிக்கருவின் ஸ்லைடுகளை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். அதனால் எனக்கு இந்தக் கேள்வியில் ஓர் உறுத்தல் உண்டு. ஐந்தாம் மாதத்திலேயே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள், அந்த மாதத்தில் எல்லா உறுப்பும் 'முடிந்துவிட்டது', எண்ணிப் பார்த்து டிக் அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கை விரல்களுக்கு அது சரி. முதுகுத்தண்டுக்கு அநேகமாகச் சரி. குடலுக்குச் சரிவராது.

நடந்தது இதுதான். தங்கைக்கு, உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் எங்கள் ஊர்ப்பக்கமே ஒரு சென்டரில் எடுத்தோம். ரிப்போர்ட்டில் வயிற்றைப் பற்றி இருந்தது ஒரே வரி: இரைப்பை தெரிகிறது, குடல் இயல்பாக இருக்கிறது. எட்டாம் மாதத் தொடக்கத்தில் மதுரையில் எடுத்த ஸ்கேனில், குழந்தைக்கு டியோடினல் அட்ரீசியா என்றார்கள். இரைப்பையை விட்டு இறங்கியதும் வரும் முதல் சிறுகுடல் பகுதியான டியோடினம் முழுதாக அடைபட்டிருந்தது. சுமார் ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் பிரசவங்களில் ஒரு குழந்தைக்கு வருவது.

வளைகாப்பு வயிறு

முதலில் கண்டுபிடித்தது எந்த மெஷினும் இல்லை, ஆச்சிதான். ஏழாம் மாத வளைகாப்பில் தங்கைக்கு நலங்கு வைத்துவிட்டு, "ஏட்டி, இது ஒத்தப் பிள்ளை வயிறா தெரியலையே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்கு அப்போதே படுத்தால் மூச்சு வாங்கியது. அடுத்த செக்கப்பில் டேப் வைத்து அளந்த டாக்டர், மாதக் கணக்கைவிட வயிறு பெரிதாக இருக்கிறது, நீர் அதிகமோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

பனிக்குட நீர் குளத்துத் தண்ணீர் மாதிரி அப்படியே தேங்கிக் கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். அதைக் குழந்தையே குடிக்கிறது, குடல் உறிஞ்சுகிறது, மறுபடி சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. மூன்றாம் மாத முடிவுக்குள்ளேயே விழுங்கத் தொடங்கிவிடும். ஐந்தாம் மாதம் ஒரு நாளைக்கு விழுங்குவது சில ஸ்பூன்தான். நிறைமாதத்தில் அதுவே அரை லிட்டரைத் தாண்டும். அந்தச் சமயம் பனிக்குடத்தில் இருக்கிற மொத்த நீரே சுமாராக முக்கால் லிட்டர், ஒரு லிட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், பிள்ளை தன்னைச் சுற்றியிருப்பதில் பாதிக்கு மேல் தினமும் குடித்துத் தீர்க்கிறது. மேலே எங்கேயாவது குழாய் அடைபட்டிருந்தால் குடித்தது குடலுக்கு இறங்காது, உறிஞ்சப்படாது. வெளியே நீர் ஏறிக்கொண்டே போகும். நாலு மூலையிலும் நீரின் ஆழத்தை அளந்து கூட்டிச் சொல்கிற ஏ.எஃப்.ஐ. கணக்கு 25 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகம் என்பார்கள். தங்கைக்கு அது எப்போதோ தாண்டியிருந்தது.

சர்க்கரை நோய் இருந்தாலும் நீர் கூடும். காரணமே தெரியாமல் கூடுவதும் நிறைய. ஆகவே நீர் அதிகம் என்றதும் பதற வேண்டியதில்லை. ஆனால் யாராவது இரைப்பையை மறுபடி ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மதுரையில் அந்த மத்தியானம்

உள்ளே ஒருவர்தான் வரலாம் என்றதால் நான் போனேன். தங்கை கணவர் வெளியே உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்தாம் மாத ஃபிலிம் உறையோடு இருந்தது. அதை எதற்குக் கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியும். ஆதாரம்.

டாக்டரம்மா நடுத்தர வயது. பேச்சு குறைவு. ஜெல்லைத் தடவி முதலில் தலை, இதயம், கை கால் என்று எல்லாவற்றையும் வரிசையாக அளந்தார். வயிற்றுக்கு வந்ததும் கை நின்றது. அடிவயிறு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்து ஒரு நடை நடந்துட்டு, பாத்ரூம் போயிட்டு வாங்கம்மா, மறுபடி பார்க்கிறேன்" என்றார். நாங்கள் வராந்தாவில் நடந்தோம். தங்கை எதுவும் கேட்கவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் ஏன் அனுப்பினார் என்று பிறகு சொன்னார்: கருவின் இரைப்பை நிரம்பும், காலியாகும். ஒரு முறை பார்த்து முடிவு சொல்லக் கூடாது. மறுபடி பார்த்தும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தால்தான் கணக்கு.

மறுபடியும் இருந்தது. திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். குழந்தையின் இடது பக்கம் பெரிய கறுப்பு வட்டம், அது இரைப்பை. நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் இன்னொன்று, சற்றுச் சிறியது. இரைப்பையும் அடைப்புக்கு முன்னால் உப்பிய டியோடினமும் இப்படி இரண்டு குமிழியாகத் தெரிவதை டபுள் பபுள் என்று புத்தகங்களில் நானே படித்திருக்கிறேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. இரண்டு வட்டம் தெரிந்தாலே அடைப்பு என்று சொல்லிவிட முடியாதாம். இரைப்பை இயல்பிலேயே வளைந்த உறுப்பு, சாய்வாக வெட்டிப் பார்த்தால் ஒன்றே இரண்டாகத் தெரியும். பித்தநாளத்தில் ஒரு நீர்க்கட்டி இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் புரோபை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பினார். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே ஒரு குறுகலான கழுத்து தெரிந்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் போகிற வழி. அதுதான் இரைப்பையின் வாசல். இரைப்பைச் சுவர் அலை அலையாகச் சுருங்கி எதையோ தள்ளப் பார்த்தது, எதுவும் நகரவில்லை. அந்தக் கழுத்தைப் பார்த்த பிறகுதான் எங்களிடம் பேசினார்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். இது அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது. இத்தகைய குழந்தைகளில் ஏறத்தாழ முப்பது சதவீதம் பேருக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறையும் சேர்ந்திருக்கும், வேண்டுமானால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம். இதயத்தைத் தனியாக எக்கோ பார்க்க வேண்டும். பிரசவம், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். நீர் அதிகம் என்பதால் வலி சீக்கிரமே வரலாம்.

அப்போது தங்கை கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உறையைப் பிரித்துப் பழைய ஃபிலிமை மேஜையில் வைத்தார். "மேடம், இதுல தெரிஞ்சிருக்கணும்ல?" டாக்டரம்மா அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஒவ்வொரு படமாக, அவசரப்படாமல் பார்த்தார். வயிற்றின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று இருந்தது. இடது பக்கம் ஒரே ஒரு சின்னக் கறுப்பு வட்டம். விலா எலும்பு சரியாகத் தெரிகிறது, தொப்புள்கொடி நாளம் சரியான வளைவில் வருகிறது, படம் எடுக்க வேண்டிய முறையில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்றார். பிறகு, "நான் எடுத்திருந்தாலும் இதே ரிப்போர்ட்டைத்தான் கொடுத்திருப்பேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. தங்கை கணவர் படியிறங்கும்போதே சொல்லிவிட்டார்: "ஒரே தொழில்காரங்க அக்கா, விட்டுக் கொடுப்பாங்களா?" அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவத்தில் ஒருவருக்கொருவர் மூடி மறைப்பதை நாம் பார்த்ததே இல்லையா? ஆனால் இந்த இடத்தில் டாக்டரம்மா சொன்னது தொழில் விசுவாசம் இல்லை.

நீர் போனால்தான் குடல்

அல்ட்ராசவுண்ட் குடலைப் பார்ப்பதில்லை, குடலில் இருக்கும் நீரைப் பார்க்கிறது. நீர் ஓடாத ஹோஸ் பைப் தோட்டத்தில் சப்பையாகக் கிடக்கும்போது அதில் எங்கே அடைப்பு என்று வெளியிலிருந்து சொல்ல முடியுமா? குழாயைத் திறந்துவிட்டால் அடைப்புக்கு முன்னால் உப்பும். ஐந்தாம் மாதக் குழந்தை விழுங்குகிற சில ஸ்பூன் நீர் இரைப்பைக்குள்ளேயே அடங்கிவிடும், மிஞ்சியது மேலேயே திரும்பியும் போய்விடும். அடைப்பு அங்கேயே இருக்கிறது, ஆனால் அதைத் தள்ளிக் காட்டுகிற அளவுக்கு நீர் இல்லை. சில குழந்தைகளுக்கு இருபதாம் வாரத்திலேயே இரண்டு வட்டம் தெரிவதுண்டு. பலருக்கு இருபத்துநாலு வாரம் தாண்டிய பிறகே தெரிகிறது.

இதைவிட விசித்திரமான உதாரணம் ஒன்று உண்டு, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எட்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை நம் எல்லோருடைய குடலும் வயிற்றுக்கு வெளியே, தொப்புள்கொடிக்குள் இருந்தது. உள்ளே கல்லீரல் வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், குடலுக்கு இடம் போதாது. வெளியே போய், தன் ரத்தக் குழாயையே அச்சாகக் கொண்டு சுழன்று, திரும்ப உள்ளே வரும்போது மீதிச் சுழற்சியையும் முடித்து, மொத்தம் 270 பாகை திரும்பி அமர்கிறது. பத்தாவது வார ஸ்கேனில் தொப்புளில் ஒரு புடைப்பு தெரிந்தால் அது வளர்ச்சி. அதே புடைப்பு பதினான்காவது வாரத்தில் தெரிந்தால் அது ஓம்ஃபலோசீல் என்கிற குறை, குரோமோசோம் சோதனை வரைக்கும் போக வேண்டிய விஷயம். படம் ஒன்றுதான், தேதி மாறினால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. உணவுக்குழாய் பாதியில் நின்றுவிடும் குறையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயிலிருந்து கீழ்ப்பகுதிக்கு ஒரு கள்ள வழி இருக்கும். அந்த வழியாக நீர் இறங்கி இரைப்பை நிரம்பிவிடும். ரிப்போர்ட்டில் 'இரைப்பை தெரிகிறது' என்று எழுதுவார்கள், எழுதியது உண்மையும்கூட. பிறந்து முதல் பால் கொடுக்கும்போது நுரை தள்ளி மூச்சுத் திணறும்போதுதான் விஷயம் தெரியும். ஆசனவாய் திறக்காத குழந்தைகளில் பலருக்கும் இதே கதை. குடலின் கடைசிப் பகுதியில் அடைப்பு இருந்தால் நீர்கூட ஏறாது, ஏனென்றால் மேலே உள்ள குடல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்.

கேப்டவுன் நாய்க்குட்டிகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் சுற்றிப் போகிறேன். டியோடினம் ஏன் அடைபடுகிறது என்பதற்கு வியன்னாவில் யூலியஸ் டான்ட்லர் என்ற உடற்கூறியலாளர் 1900-இல் ஒரு விளக்கம் சொன்னார். இரண்டாம் மாதவாக்கில் அந்தக் குழாயின் உட்புறச் செல்கள் மளமளவென்று பெருகி வழியை அடைத்துவிடும், பின்பு நடுவில் குழிகள் தோன்றி வழி மறுபடி திறக்கும், திறக்காமல் போனால் அட்ரீசியா. இன்று எல்லோரும் இதை அப்படியே ஏற்பதில்லை என்றாலும், அடைப்பு மிக ஆரம்பத்தில் நிகழ்வது என்பதில் சந்தேகமில்லை.

இதற்குக் கீழே, சிறுகுடலின் மீதிப் பகுதிகளில் வரும் அடைப்புக்கும் இதே காரணம்தான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் அறுவை செய்து பார்த்தபோது ஒரு சங்கடம். அடைப்புக்குக் கீழே கிடந்த காட்டுப்பீயில், அதாவது குழந்தையின் முதல் மலத்தில், பித்தநீரும் குழந்தை விழுங்கிய மெல்லிய ரோமமும் இருந்தன. வழி ஆரம்பத்திலிருந்தே அடைபட்டிருந்தால் அவை எப்படித் தாண்டிப் போயிருக்கும்? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் லோ என்ற அறுவை நிபுணரும் அவரிடம் வேலை பார்த்த ஓர் இளம் மருத்துவரும் சினையாய் இருந்த நாய்களின் கருப்பையைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டியின் குடலுக்குப் போகும் ரத்தக் குழாயைக் கட்டிவிட்டு மூடினார்கள். ஈன்ற பிறகு பார்த்தால், நன்றாக உருவாகியிருந்த குடல் அந்த இடத்தில் அற்றுப்போய் அட்ரீசியாவாகி இருந்தது. 1955-இல் அதை வெளியிட்டார்கள். அந்த இளம் மருத்துவரின் பெயர் கிறிஸ்டியன் பர்னார்ட். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1967-இல், உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தாரே, அதே பர்னார்ட்.

இது நம் பெரியவர்களின் கேள்விக்கு நேராக வந்து முட்டுகிறது. இந்த வகை அடைப்பு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்த அன்றைக்கு உண்டாகியே இருக்காமல் போகலாம். ஆறாம் மாதம் குடல் ஒருமுறை முறுக்கிக்கொண்டு ரத்தம் நின்றால் அப்போதுதான் அது உருவாகும். இல்லாததை எந்த மெஷின் காட்டும்?

தங்கைக்கு நான் எடுத்துச் சொன்னது டான்ட்லர் பக்கத்தை. எட்டாம் மாதம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்தாளா, ஆறாம் மாதம் அந்த நாட்டு மருந்தைச் சாப்பிட்டாளா, ஸ்கூட்டியில் போனாளா என்று. மகனுடைய டியோடினம் திறக்காமல் போனது, அவளுக்கு மசக்கை ஆரம்பித்து, வீட்டில் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில். அதற்குப் பிந்தி அவள் சாப்பிட்ட எதற்கும் அதில் பங்கில்லை. இதைக் கேட்டு அவள் ரொம்ப நேரம் அழுதாள். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள் என்று அம்மா சொன்னாள்.

சேனை வைக்காத பிள்ளை

எட்டாம் மாதம் தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது சேனை. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் குணமான ஒருவர் சீனித்தண்ணியைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். ஆச்சி அதற்காகவே காத்திருந்தாள். அடைப்புள்ள பிள்ளைக்கு வாய்வழியாக எதுவும் போகக் கூடாது. போனால் வாந்தி, அதுவும் பெரும்பாலும் பச்சையாக, பித்தநீர் நாளம் திறக்கிற இடத்துக்குக் கீழே அடைப்பு இருப்பதுதான் அதிகம் என்பதால். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அது வேறு ஆபத்து. முன்கூட்டித் தெரியாத வீடுகளில் சேனை, சீம்பால், மறுபடி பால், வாந்தி, ஊர் டாக்டர், ஆம்புலன்ஸ் என்று இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். பிள்ளை வற்றிப்போய்த்தான் அறுவை நிபுணரிடம் வந்து சேரும். இவன் பிறந்த உடனேயே மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் இறக்கினார்கள், கையில் டிரிப். மறுநாள் நிதானமாக அறுவை. அடைப்புக்கு மேலும் கீழும் உள்ள குடலைத் திறந்து, வைர வடிவில் இணைக்கிற முறை ஒன்று இருக்கிறது, ஜப்பானிய நிபுணர் கிமுரா கொண்டு வந்தது. அதைத்தான் செய்தார்கள்.

அறுவைக்குப் பின் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குழாயில் வரும் பச்சையைத்தான். நர்ஸ் அளந்து எழுதுவார். பச்சை குறைந்து, வெளுத்து, தண்ணீர் மாதிரி ஆன பிறகு சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தார்கள். டவுன் சிண்ட்ரோம் சோதனையைக் கர்ப்பத்தில் எடுக்க வேண்டாம் என்று தங்கையும் அவள் கணவரும் முடிவு செய்திருந்தார்கள், ஊசியால் வலி வந்துவிடுமோ என்ற பயம். பிறந்த பிறகு ரத்தத்தில் பார்த்ததில் குரோமோசோம் இயல்பு. அந்த முடிவு வந்த அன்றைக்குச் சொந்தக்காரர்கள் கொண்டாடிய விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

சரி, அப்படியானால் ஸ்கேன் சென்டர்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் உறவினர்கள் சொல்கிற இடத்தில் இல்லை. ஐந்தாம் மாதம் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து "எல்லாம் நார்மல்" என்று இரண்டே வார்த்தையில் அனுப்புவது தப்பு. எல்லாக் குறைகளும் ஸ்கேனில் தெரியாது என்று பொடி எழுத்தில் கடைசியில் அச்சடித்துவிட்டால் போதுமா? இன்றைக்குத் தெரிவது இது, குடல் விஷயம் எட்டாம் மாதம்தான் இன்னும் தெளிவாகும் என்று வாயால் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அதைவிடப் பெரிய தப்பு, எட்டாம் ஒன்பதாம் மாத குரோத் ஸ்கேனை எடைக்கும் நீருக்குமாகச் சுருக்கிவிடுவது. தலை, வயிறு, தொடை எலும்பு மூன்றையும் அளந்து, நீரைக் கூட்டி, கூட்டத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். வயிற்றுச் சுற்றளவு அளக்கிற அதே படத்தில்தான் இரைப்பையும் இருக்கிறது. கண்ணை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும். உண்மையிலேயே கவனக்குறைவால் தவறவிடுகிற சென்டர்களும் இருக்கின்றன. எல்லோரையும் நான் காப்பாற்ற வரவில்லை.

தங்கை இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். இந்தக் குறை அடுத்த பிள்ளைக்கும் வருவது அரிது என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் போன வாரம் முடிந்தது, எங்கள் ஊர்ப்பக்கத்து அதே பழைய சென்டரில், அவள் பிடிவாதமாக அங்கேதான் போனாள். இரைப்பை தெரிகிறது, குடல் இயல்பு என்று அதே வரி. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "எட்டாம் மாசமும் வயித்தைத் தனியாப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றிருக்கிறாள். அவர் பழைய கதையைக் கேட்டு, ரிப்போர்ட்டின் கீழே முப்பதாம் வாரம் வரச் சொல்லிக் கையால் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாமியாருக்கு அதில் வருத்தம். ஒரு பிள்ளைக்கு எத்தனை ஸ்கேன் என்று கேட்கிறார். இந்த முறை அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் தங்கை கணவர்.